கனவும் கடனும்

கனவுகளை எழுதிவைக்கும் வழக்கம் அண்மைக் காலமாக நம் தியான இல்லங்களிலும் இளைஞர் பயிற்சிகளிலும் பேசப்பட்டு வருகிறது. தலைமாட்டில் ஒரு குறிப்பேட்டை வைத்துக்கொள்ள வேண்டும். கண் விழித்தவுடன் வேறெதிலும் மனத்தைச் செலுத்தாமல் கண்டதை எழுதிவிட வேண்டும். சில திங்கள் கழித்து அவற்றைச் சேர்த்துப் படித்தால் உள்ளத்தின் போக்கு நமக்கே புலப்படும் என்று சொல்கின்றனர். இதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே வேறொரு வழக்கமும் நம்மிடம் உண்டு. பேருந்து நிலையக் கடைகளில் பஞ்சாங்கத்திற்கு அருகே தொங்கும் 'கனவுப் பலன்கள்' என்னும் சிறு நூலைப் புரட்டிப் பார்ப்பது அது. பல் விழக் கண்டால் இன்ன பலன், பாம்பு கண்டால் இன்ன பலன், சாவைக் கண்டால் மணம், மணத்தைக் கண்டால் சாவு என்று அந்நூல் விடை தந்துவிடும்.

குறிப்பேடு புதியது, பலன் நூல் பழையது என்று நாம் எண்ணுகிறோம். ஆயினும் குறிப்பேட்டில் எழுதிய கனவைப் பலன் நூலின் கண்கொண்டு படித்தால் இரண்டும் ஒன்றே ஆகிவிடும். எனவே, கனவை எழுதலாமா என்பது இங்கு வினாவன்று. எழுதிய கனவை எப்படிப் படிப்பது என்பதே வினா. இதற்கு விடை காண, கனவைச் சொல்லும் இலக்கியங்கள் சிலவற்றைத் திறனாய்வு நோக்கில் அணுகுவோம். கனவைப் படிக்கும் முறையை அவற்றினும் நன்றாகக் கற்பிப்பார் இலர்.

முதலில் பலன் மரபுக்கு உரிய நீதியை வழங்கிவிடுவோம். அது வெறும் மூடத்தனம் அன்று; ஒழுங்கில்லாத ஒன்றில் ஒழுங்கு காண மனிதன் செய்த முயற்சி. தமிழில் பொன்னவன் பெயரால் வழங்கும் கனாநூல் ஒன்று உண்டு. இரவின் முதல் யாமத்தில் கண்ட கனவு ஓராண்டிலும், இரண்டாம் யாமத்துக் கனவு 8 திங்களிலும், மூன்றாம் யாமத்துக் கனவு 3 திங்களிலும், கடையாமத்துக் கனவு 10 நாளிலும் பலிக்கும் என்று அம்மரபு கணக்கிட்டது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று இன்றும் நம் தாய்மார் சொல்வது இக்கணக்கின் எச்சமே. இக்கணக்கில் ஒரே ஒரு குறை உண்டு; அது பெருங்குறை. கனவு எப்போது வந்தது என்று கேட்கும் அது, யாருக்கு வந்தது என்று கேட்பதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் கண்ட பாம்பும், வரப்பில் நடக்கும் உழவன் கண்ட பாம்பும் அதற்கு ஒரே பாம்பு.

சிலம்பில் மூன்று கனவுகள்

இளங்கோவடிகள் இம்மரபை நன்கறிந்தவர். சிலப்பதிகாரத்தில் மூன்று கனவுகளை அவர் அமைத்தார், மூன்றும் பலித்தன. கதையில் பின்னர் வருவதை முன்னரே உணர்த்தும் உத்தி என்று இவற்றைக் கூறி நிறைவடைவோர் பலர். அவ்வளவே எனின், ஒரு கனவு போதுமே, மூன்று எதற்கு?

கனாத்திறம் உரைத்த காதையில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள். கணவன் தன் கையைப் பற்றி அழைத்துச் செல்ல இருவரும் ஒரு பெருநகர் புகுந்ததும், அங்குள்ளோர் தேளை இட்டாற்போல் தங்கள்மேல் பழி சுமத்தியதும், கோவலனுக்குத் தீங்கு நேர்ந்தது கேட்டுத் தான் அரசன் முன் வழக்குரைத்ததும், அரசனோடு அவ்வூரும் கெட்டதும் அக்கனவில் அமைந்தன. தேவந்தி அன்புடையவள், உடனே பரிகாரம் சொல்கிறாள். காவிரி கடலொடு கலக்கும் துறையில் இரு குளங்களில் நீராடிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு கூடி வாழலாம் என்கிறாள். அது தனக்குப் பெருமை தருவதன்று என்று கண்ணகி ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறாள். கணவனையன்றிப் பிற தெய்வத்தைத் தொழாத கற்பின் மாண்பு என்று உரைமரபு இதனை விளக்கும். அவ்விளக்கத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டுவதில்லை. ஆயினும் ஒன்று தெளிவு. கனவு சொல்லிய தீங்கைப் பரிகாரத்தால் விலைக்கு வாங்கித் தள்ளிவிட முடியாது என்பதை அப்பெண் உணர்ந்திருந்தாள். காதையின் பெருமை கனவில் இல்லை, அம்மறுமொழியில் இருக்கிறது.

இரண்டாம் கனவு கோவலனுடையது. மதுரையின் புறஞ்சேரியில் மாடல மறையோனிடம் அதனைச் சொல்கிறான். ஆடை பறிக்கப்பட்டு எருமைமீது தான் ஊர்ந்ததையும், கண்ணகி நடுங்கு துயர் உற்றதையும், பின்னர் அவளோடு பற்றற்றோர் பெறும் பேற்றை எய்தியதையும், மணிமேகலையை மாதவி அறவழியில் விட்டதையும் கண்டதாகக் கூறி, நள்ளிருள் யாமத்தில் கண்ட அக்கனவு விரைவில் பலிக்கும் என்று அஞ்சுகிறான்.

இங்கே திறனாய்வாளர் நின்று நோக்க வேண்டிய ஓர் இடம் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே அழிவைத்தான் கண்டனர். கண்ணகி அதைத் தோழியிடம் சொன்னாள். கோவலன் மறையோனிடம் சொன்னான். அவர்கள் அதனை ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்ததாக இளங்கோ பாடவில்லை. கோவலன் மனையகம் திரும்பிய பொழுதில், கண்ணகியின் வாயில் அக்கனவு அப்போதுதான் சொல்லப்பட்டு ஈரம் உலராதிருந்தது. அவளோ சிலம்பு இருக்கிறது, கொள்க என்றாள். கனவைப் பற்றி வாய் திறந்திலள். இருவரும் சேர்ந்து நெடுவழி நடந்தனர். இருவர் நெஞ்சிலும் ஒரே அச்சம் தனித்தனியே நடந்தது. சொல்லியிருந்தால் ஊழ் மாறியிருக்குமா என்பது நம் வினாவன்று. சேர்ந்து சுமந்திருக்கலாம் என்பதே நாம் கருதுவது.

மூன்றாம் கனவு பாண்டிமாதேவியுடையது. செங்கோலும் வெண்கொற்றக் குடையும் விழவும், வாயில்மணி நடுங்கி ஒலிக்கவும், பகலில் விண்மீன் உதிரவும் கண்டு அவள் மன்னனிடம் சென்று சொல்கிறாள். இக்கனவு வரும்போது கோவலன் கொலையுண்டு முடிந்துவிட்டான். ஆகவே இது வருவதை மட்டும் உரைப்பதன்று. நடந்துவிட்ட கொடுமையை அரண்மனைக்குள் கொண்டுவந்து நிறுத்துவது. தேவியின் ஊடலைத் தணிக்கும் விரைவில் ஆராயாது மன்னன் விடுத்த ஆணையின் குரலே மணியோசையாக அவள் உறக்கத்தில் ஒலித்தது எனலாம். அக்கனவு கேட்ட சிறிது நேரத்தில் கண்ணகி வாயிலில் நிற்கிறாள். மன்னன் அவளை உள்ளே அழைக்கிறான், வழக்கைக் கேட்கிறான், சிலம்பை உடைக்க விடுகிறான், தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான். மூன்று கனவுகளுள் உரிய இடத்தில் சொல்லப்பட்டு, உரிய மறுமொழியைப் பெற்ற கனவு இதுவே. காலம் கடந்து வந்த அக்கனவு கொலையைத் தடுக்கவில்லை. ஆனால் நீதியைப் பிறப்பித்தது.

சிறையில் எழுதிய ஏடு

நம் திருச்சபையின் தொடக்க காலத்திலேயே ஒரு கனவுக் குறிப்பேடு எழுதப்பட்டது. வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரில் 203 மார்ச் 7 அன்று மறைசாட்சியாக உயிர்நீத்த தூய பெர்பெத்துவா அதனை எழுதினார். அவருக்கு அப்போது ஏறத்தாழ 22 அகவை. கையில் பால்குடிக் குழந்தை. சிறையில் தாம் கண்டவற்றைத் தம் கைப்படவே எழுதி, களத்திற்குச் செல்வதற்கு முந்திய நாள்வரை தொடர்ந்து, அங்கு நிகழப்போவதை விரும்புவோர் எழுதட்டும் என்று விட்டுச் சென்றார். பெண் ஒருவர் எழுதிய மிகப் பழைய கிறித்தவ எழுத்துகளுள் ஒன்றாக அது நிலைத்துவிட்டது.

அவ்வேட்டில் நம்மை மிகத் தொடுவது மறைசாட்சியத்தைப் பற்றிய காட்சி அன்று, தம்பியைப் பற்றியது. தினோக்ராத்து என்னும் அச்சிறுவன் ஏழு அகவையில் முகத்துப் புண்ணால் இறந்தவன். சிறையில் ஒருநாள் செபத்தின் நடுவே அவன் பெயர் எதிர்பாராமல் அவர் நாவில் வந்தது. அன்றிரவு அவனைக் கண்டார். இருண்ட இடத்திலிருந்து வெப்பமும் தாகமும் கொண்டு வருகிறான். முகத்தில் அதே புண். அருகே நீர் நிறைந்த தொட்டி. அதன் விளிம்போ அவன் உயரத்திற்கு எட்டவில்லை. விழித்த பெர்பெத்துவா இக்கனவு தமக்கு நன்மையா தீமையா என்று கேட்கவில்லை. தம்பி துன்புறுகிறான், தாம் அவனுக்கு உதவ முடியும் என்று மட்டும் எழுதினார். இரவும் பகலும் அழுது மன்றாடினார். சில நாள் கழித்து மீண்டும் கண்டபோது தொட்டியின் விளிம்பு தாழ்ந்திருந்தது, புண் ஆறியிருந்தது, சிறுவன் வேண்டிய மட்டும் நீர் பருகி, குழந்தைகளைப்போல் விளையாடச் சென்றான்.

கோடையில் கண்மாய்கள் வறண்டு குடங்கள் வரிசையில் நிற்கும் முதுகுளத்தூர் வட்டாரத்தில் மறைப்பணி ஆற்றும் நமக்கு, எட்டாத தொட்டியின் முன் நிற்கும் அச்சிறுவன் அயலான் அல்லன். இறந்த தாய் கனவில் வந்து தண்ணீர் கேட்டாள் என்று சொல்லிக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வருவோர் இங்கு உண்டு. வீட்டிற்கு ஏதேனும் தீங்கு வருமா என்பதே அவர்கள் முதலில் கேட்பது. பெர்பெத்துவாவின் ஏட்டைப் படித்தபின் நாம் அவர்களுக்குச் சொல்லும் விடை எளிதாகிவிட்டது. அம்மா உங்களை அச்சுறுத்த வரவில்லை; அவளுக்காக ஒரு திருப்பலியும், அவள் பெயரால் தாகமுற்ற ஒருவருக்கு ஒரு குடம் நீரும் உங்கள் கடன். தீங்கு வருமா என்ற வினா பலன் நூலுக்கு உரியது. யாருக்கு என்ன கடன் என்ற வினா கனவு ஏட்டிற்கு உரியது.

மோனிக்காவின் விடையும் பாட்டியின் விடையும்

கனவைவிட மறுமொழி பெரிது என்பதைத் தம் வாயாலேயே சொன்னவர் தூய அகுஸ்தீனார். ஒப்புதல்கள் நூலின் மூன்றாம் பகுதியில் தம் தாயின் கனவு ஒன்றைக் குறிக்கிறார். மகன் தப்பறையில் வீழ்ந்தான் என்று அழுத மோனிக்கா, தாம் ஒரு மரக்கோலின்மேல் நிற்பதையும், ஒளி பொருந்திய இளைஞர் ஒருவர் அவரைத் தேற்றி, அவர் நிற்கும் இடத்திலேயே மகனும் நிற்பான் என்று காட்டியதையும் கண்டார். நீங்களும் ஒருநாள் என் பக்கம் வருவீர்கள் என்பதே அதன் பொருள் என்று மகன் திரித்துரைத்தார். தாயோ நொடியும் தயங்கவில்லை: அவன் இருக்குமிடத்தில் நீ என்று எனக்குச் சொல்லப்படவில்லை, நீ இருக்குமிடத்தில் அவன் என்றே சொல்லப்பட்டது என்று மறுத்துவிட்டார். கனவைவிடத் தாயின் அந்த உடன் விடையே தம்மை அசைத்தது என்று அகுஸ்தீனார் எழுதுகிறார். அதன்பின் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மோனிக்கா கண்ணீரோடு மன்றாடினார். கனவு வந்துவிட்டது என்று கைகட்டி இருக்கவில்லை. அதே நூலின் ஆறாம் பகுதியில், இறைவன் காட்டுவதையும் தம் ஆசை புனைவதையும் சொல்லால் விளக்கவொண்ணாத ஒரு சுவையால் மோனிக்கா வேறுபடுத்தி அறிந்தார் என்கிறார். தம் கனவையே ஐயுறக் கற்றவர்தாம் கனவை நம்பத் தகுதியுடையவர்.

தூய தொன் போஸ்கோ ஒன்பது அகவையளவில் கண்ட கனவையும் நம் இளைஞர் அறிவர். சண்டையிட்டும் பழித்துரைத்தும் திரிந்த சிறுவர்களை அவர் கைம்முட்டியால் அடக்கப் பாய்ந்தபோது, அடித்தன்று, அன்பால் இவர்களை நண்பராக்கு என்று பெருமகனார் ஒருவர் பணித்தார். காட்டு விலங்குகள் ஆட்டுக்குட்டிகள் ஆயின. மறுநாட் காலையில் அதை வீட்டாரிடம் சொன்னபோது ஓர் அண்ணன் நீ ஆடு மேய்ப்பாய் என்றான். மற்றோர் அண்ணன் நீ கொள்ளைக் கூட்டத் தலைவன் ஆவாய் என்றான். தாய் யார் கண்டது, குருவாகலாம் என்றார். எழுத்தறியாத பாட்டி, கனவுகளைப் பொருட்படுத்தாதே என்றார். நான்கு பேரும் கனவுக்குப் பொருள் சொன்னதாக நினைத்தனர். உண்மையில் ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைச் சொன்னார்கள். கனவு சொல்பவனைக் காட்டுவதைவிடக் கேட்பவனை மிகுதியாகக் காட்டும் என்பதற்கு இதனினும் இனிய சான்று நாம் கண்டதில்லை.

தொன் போஸ்கோ தாமும் பாட்டியின் பக்கமே நின்றதாகவும், எனினும் அக்கனவைத் தம் மனத்தினின்று அகற்ற இயலவில்லை என்றும் எழுதினார். அதையும் அவர் தாமாக எழுதவில்லை. 1858-இல் உரோமையில் திருத்தந்தை ஒன்பதாம் பயஸ் அவற்றை எழுதிவைக்கப் பணித்தார். பல்லாண்டு தாழ்த்தி, 1870-களில்தான் அவர் எழுதத் தொடங்கினார். 1887 மே மாதத்தில், இறப்பதற்குச் சில திங்கள் முன்பு, உரோமையில் இயேசுவின் திரு இருதயக் கோவிலில் திருப்பலி நிறைவேற்றுகையில் பலமுறை விம்மி அழுதார். அச்சிறுவயதுக் கனவின் பொருள் அன்றுதான் விளங்கியது என்றார். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தபின் விளங்கிய பொருள் அது. விழித்த அன்று காலையிலேயே பொருள் வேண்டும் என்று அவசரப்படும் நமக்கு இஃது ஒரு பாடம்.

இராமேசுவரத்து மைந்தர் கண்ட இரவுக் கனவு

கனவு என்றவுடன் நம் மாவட்டத்து மாணவர் நாவில் வருவது அப்துல் கலாம் அவர்களின் பெயர். இராமேசுவரத்தில் 1931-இல் பிறந்து, இராமநாதபுரம் சுவார்ட்சு பள்ளியிலும் திருச்சி தூய வளனார் கல்லூரியிலும் பயின்ற அவர், கனவு காணுங்கள் என்று சொன்னது பகலில் விழித்திருந்து கொள்ளும் குறிக்கோளைத்தான். ஆனால் அவர் உண்மையான இரவுக் கனவு ஒன்றையும் எழுதிவைத்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2001 செப்டம்பர் 30 அன்று சார்க்கண்டு மாநிலத்துப் பொகாரோவில் அவர் சென்ற எலிகாப்டர் தரையிறங்கும் தறுவாயில் விழுந்தது. அனைவரும் உயிர் தப்பினர். அன்றிரவு கனவில், நிலவொளி பரந்த பாலையில் காந்தியடிகள், ஐன்சுடைன், அசோகர், ஆபிரகாம் லிங்கன், கலீபா உமர் ஆகிய ஐவர் சூழத் தாம் நின்றதை, 'எழுச்சி தீபங்கள்' எனத் தமிழில் வெளிவந்த 2002-ஆம் ஆண்டு நூலின் முதல் இயலில் விவரிக்கிறார்.

இலக்கியமாக மதிப்பிட்டால் அப்பகுதியில் ஒரு குறை சொல்ல வேண்டும். கனவுக்கே உரிய குழப்பமும் தாவலும் அதில் குறைவு; பெரியோர் பேசுவது நன்கு திருத்திய சொற்பொழிவு போல் ஒழுகுகிறது. விழித்த கை கனவுக்கு ஒழுங்கு கற்பித்துவிட்டது. இது கலாம் ஒருவர்க்கே உரிய குறையன்று; கனவை நினைவுகூரும் மனமே அதற்கு ஒரு கோவையை இட்டுக் கட்டுகிறது என்பதை 1900 எனத் தேதியிட்ட தம் கனவு நூலில் பிராய்டு எடுத்துக்காட்டினார். ஆனால் அம்மனிதரின் மறுமொழியில் குறை காண இயலாது. சாவின் வாயிலிலிருந்து மீண்டதை நற்சகுனம் என்று கொண்டாடி அவர் அமையவில்லை. அவ்வாண்டு இறுதியிலேயே முதன்மை அறிவியல் ஆலோசகர் பொறுப்பினின்று விலகி, பள்ளி மாணவரைத் தேடிச் சென்றார். மிஞ்சிய வாழ்நாள் யாருக்குரிய கடன் என்று அவர் தம்மையே கேட்டுக்கொண்டார் என்று நாம் படிக்கிறோம்.

மறைநூலின் எச்சரிக்கை

இவ்வளவும் கூறியபின், கனவுகளை நம்புவோரை மறைநூல் கடிந்துரைப்பதை மறைத்தல் தகாது. தம் கனவையே இறைவாக்கென விற்கும் பொய்யரை எரேமியா 23-ஆம் அதிகாரத்தில் சாடுகிறார். கனவைப் பற்றுவது நிழலைப் பிடிப்பது போன்றது என்னும் கருத்துப்பட சீராக் 34-ஆம் அதிகாரம் பேசுகிறது. சகுனம் பார்த்தலையும் வருவதுரைத்தலையும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2116-ஆம் பத்தியில் விலக்குகிறது. அதே மறைநூல்தான் யாக்கோபின் மைந்தர் யோசேப்பையும் மரியாவின் துணைவர் சூசையப்பரையும் கனவின் வழி நடத்துகிறது. முரண் உண்டோ? இல்லை. யோசேப்பு இளமையில் தம் கனவைத் தமையன்மார் முன் பெருமையாகச் சொன்னார். அது பகையை விளைத்தது. எகிப்தில் பார்வோனின் கனவுக்குப் பொருள் சொன்னபோதோ, பஞ்சம் வரும் என்பதோடு நிறுத்தவில்லை. செழித்த ஏழாண்டும் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமிக்க வழியும் சொன்னார். கனவின் பொருள் களஞ்சியமாக மாறியது, மக்கள் உண்டனர். மறைநூல் கடிவது கனவை உடைமையாக்கிக்கொள்வதை. ஏற்பது கனவைப் பணியாக்குவதை.

நம் சிற்றூர்களில் இந்த வேறுபாடு உயிர்ப்பிரச்சினை. கனவில் கண்டேன் என்று சொல்லி அண்டை வீட்டாள் செய்வினை வைத்தாள் எனப் பழி தூற்றுவோர் உண்டு. கனவைச் சாட்டி, பேசி முடித்த மணத்தை முறித்து, ஓர் ஏழைப் பெண்ணை ஊர்வாயில் போடுவோர் உண்டு. தேளை இட்டாற்போல் விழும் அப்பழிக்குக் கனவு ஒருகாலும் சான்றாகாது. மீண்டும் மீண்டும் வந்து உறக்கத்தைக் கெடுக்கும் கனவுகளையும் வருவதுரைப்பன என்று கொள்ளலாகாது. 1964 டிசம்பர் 22 இரவில் தனுஷ்கோடியை விழுங்கிய புயல் போன்ற பேரழிவில் தப்பியவர்க்குக் கடல் கனவில் ஏறி வருமாயின், அஃது ஆறாத நினைவு. அதற்கு வேண்டியவை மருத்துவரும் உடனிருந்து கேட்கும் உற்றாருமே.

குறிப்பேடு வைக்க விரும்பும் இளைஞர்க்கு நாம் சொல்வது சுருக்கமானது. இடப்பக்கத்தில் கண்டதைக் கண்டவாறே எழுதுக. ஒழுங்குபடுத்த வேண்டா, பலன் தேட வேண்டா. அதன்கீழ், முந்திய நாள் நிகழ்ந்தது எது, யாரை நினைத்து உறங்கினோம் என்று ஒரு வரி எழுதுக. வலப்பக்கத்தை வெறுமையாக விடுக. மாலைச் செபத்தில் மனச்சான்றை ஆராயும்போது, இக்கனவில் வந்தவருக்கு நான் ஆற்ற வேண்டிய கடன் உண்டா என்று கேட்டு, உண்டெனில் அதைச் செய்த பின்னர் அவ்விடத்தில் குறிக்க. எந்தக் கடனும் தோன்றவில்லையா? அது உண்ட உணவின் விளைவாகவோ பகற்பேச்சின் எதிரொலியாகவோ இருக்கலாம், விட்டுவிடுக. வளைகுடா நாட்டில் உழைக்கும் கணவரைப் பற்றித் தீக்கனா கண்ட பெண் அதைக் குறிசொல்வோரிடம் கொண்டு செல்வதற்கு முன் அவருக்கே தொலைபேசியில் சொல்வாளாக. அவரும் தாம் கண்டதை அவளிடம் மறையாது சொல்வாராக. கோவலனும் கண்ணகியும் செய்யாமல் விட்டது அது ஒன்றே.

மத்தேயு நற்செய்தியில் சூசையப்பர் நான்கு முறை கனவில் பணிக்கப்படுகிறார். அவர் பேசிய சொல் ஒன்றேனும் நற்செய்திகளில் பதிவாகவில்லை. கனவுக்கு விளக்கம் கேட்டதாகவும் இல்லை. எழுந்தார், மனைவியை ஏற்றுக்கொண்டார். எழுந்தார், பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவிலேயே புறப்பட்டார். அவர் ஒரு குறிப்பேடு வைத்திருந்தால் அதன் இடப்பக்கத்தில் சில வரிகளே இருந்திருக்கும், வலப்பக்கம் நிறைந்திருக்கும்.